கோவிவன்

தருமபுரி மாவட்டத்து மேட்டு நிலங்களில், ஞாயிறு சாயும் வேளையில் ஆடுமாடுகள் வீடு திரும்பும் காட்சி காண இனியது. கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் நிலக்கடலைக் கொல்லைகளுக்கும் நடுவே செல்லும் வண்டித்தடத்தில் செம்புழுதி எழும். முன்னே ஆடுகள் வரும். பின்னே கோலூன்றிய முதியவர் ஒருவரோ, பள்ளி விட்டு வந்த சிறுவன் ஒருவனோ நடந்து வருவர். இவ்விரண்டிற்கும் இடையே, இப்புறமும் அப்புறமும் ஓடி, பின்தங்கிய குட்டியை மந்தையோடு சேர்த்து, வேலியைத் தாண்ட முயன்ற கிடாயை மடக்கிக்கொண்டு நாய் ஒன்று வரும். ஆடுகள் பட்டியில் அடைபட்டதும் அது வாயிலில் படுத்துக்கொள்ளும். வீட்டார் உண்டு முடித்தபின் அதற்கும் ஒரு கவளம் களி கிடைக்கும். மோர் இருக்கும் நாளில் மோரும் கிடைக்கும். அதற்கு அந்நாய் பெறும் கூலி அவ்வளவே.

அந்த நாய்க்குப் பெயர் இருக்கும். கருப்பாக இருந்தால் கருப்பன், வெளுப்பாக இருந்தால் வெள்ளையன், செந்நிறமானால் செவலை. ஒன்றும் தோன்றாவிட்டால் மணி. பெயர் வைப்பதில் நம் மக்கள் பெரிதும் ஆராய்வதில்லை. ஆயினும் ஒரு பெயர் வைத்து அதைப் பத்தாண்டுகள் நாள்தோறும் கூப்பிட்டுவிட்டால், அப்பெயர் வீட்டின் மூச்சுகளுள் ஒன்றாகிவிடுகிறது.

ஒருநாள் அந்த நாய் இல்லாமற் போகிறது. முதுமை வந்திருக்கும், அல்லது நோய் வந்திருக்கும், பாம்பு தீண்டியிருக்கும், சாலையில் விரைந்து சென்ற ஊர்தி மோதியிருக்கும். வீட்டுத் தலைவர் ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கோடிக்குச் செல்கிறார். அங்கே வேம்பின் அடியில் ஒரு குழி தோண்டப்படுகிறது. பழைய கோணிச் சாக்கோ கிழிந்த போர்வையோ அதற்குப் போர்த்தும் துணியாகிறது. சிறுவர் வேலியோரம் நின்று பார்க்கின்றனர். அவர்களுள் ஒருவன் எருமைக் கொட்டிலின் பின்புறம் சென்று, எவரும் காணாதவாறு அழுகிறான். அவ்வழியே வந்த பெரியவர் ஒருவர், “நாய்க்காகவா அழுகிறாய், தம்பி?” என்று கேட்டுவிட்டு நகைத்தபடி செல்கிறார். சிறுவன் கண்களைத் துடைத்துக்கொள்கிறான். அன்று முதல் அந்தத் துயரம் அவனுக்கு ஒரு வெட்கமாகவும் ஆகிவிடுகிறது.

பெரியவர் தீய நெஞ்சினர் அல்லர். அவர் கேட்ட கேள்வி நம் மொழிப் பழக்கத்திலிருந்தே பிறந்தது. தமிழில் ஒருவனை இழித்துரைக்க வேண்டுமானால் ‘நாயே’ என்பர். அடியார்கள் தம்மைத் தாழ்த்திப் பாடும்போது ‘நாயேன்’ என்பர். நன்றிக்கு உவமை கூறும் வேளையிலும் அதே நாய் வந்து நிற்கும். இகழ்வதற்கும் அதுவே, புகழ்வதற்கும் அதுவே. மிக அருகில் வாழும் ஒன்றை மனிதர் இவ்வாறுதான் நடத்துவர் போலும். நாய் இறந்தால் அழுவது தக்கதா என்னும் வினாவிற்கு, பழமொழிகளிடம் தெளிந்த விடை கிடைப்பதில்லை. ஆனால் ஒரு கல்லினிடத்தில் அது கிடைக்கிறது.

தருமபுரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையை அடுத்திருப்பது திருவண்ணாமலை மாவட்டம். தென்பெண்ணையாறு அரூர்ப் பகுதியைக் கடந்து அம்மாவட்டத்துள் புகுந்து சாத்தனூர் அணையை அடைகிறது. அங்கே தண்டராம்பட்டு வட்டத்தில் உள்ள சிற்றூர் எடுத்தனூர். இன்று மாவட்ட எல்லை இவ்விரு நிலங்களையும் பிரித்துக் காட்டுகிறது. தருமபுரி 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதனின்று கிருட்டிணகிரி பிரிந்தது. இவ்வெல்லைகளெல்லாம் நேற்று வகுக்கப்பட்டவை. குன்றுகளும் முல்லைக் காடுகளும், அவற்றினிடையே கால்நடைகளையே செல்வமாகக் கொண்டு வாழ்ந்த ஊர்களுமாக, இப்பகுதி முழுவதும் பண்டு ஒரே தன்மையதாக இருந்தது. அவ்வாழ்வின் சான்றாக எஞ்சி நிற்பவை நடுகற்கள்.

நடுகல் என்பது போரில் பட்ட வீரனுக்காக நடப்பெறும் கல்லாகும். தக்க கல்லைத் தேடிக் காண்பது, அதனைக் கொணரத் தொடங்குவது, நீரில் ஆட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என அதன் நிலைகளைத் தொல்காப்பியம் ஆறாக வகுத்து உரைக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமானஞ்சி இறந்தபோது அவனுக்கும் கல் நட்டனர். அவனுடைய நண்பராகிய ஔவையார் அக்கல்லின் முன் படைக்கப்பட்ட சிறு கலத்துக் கள்ளைக் கண்டு வருந்திப் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. அத்தகடூரே இன்றைய தருமபுரி.

அரசனுக்கு மட்டுமன்றி, ஊரின் மாட்டு மந்தையைக் காத்து மாண்ட எளிய மனிதனுக்கும் கல் நடப்பட்டது என்பதே இப்பகுதியின் சிறப்பு. மந்தையைத் ‘தொறு’ என்பது அக்கல்வெட்டுகளின் வழக்கு. தொறுவைக் கவர வந்தவரோடு பொருது பட்டவன், கவர்ந்து சென்ற தொறுவை மீட்டுப் பட்டவன் என்று கல்லுக்குக் கல் அவை பேசுகின்றன. தருமபுரி மாவட்டத்திலும் செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் இத்தகைய கற்கள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் பழையவை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. பல நூற்றாண்டுகளாக வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் ‘வேடியப்பன்’ என்னும் பெயரோடு வழிபாடு பெற்று வந்த இக்கற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் தேடிப் படியெடுத்தனர். செங்கம் பகுதிக் கற்களின் வாசகங்கள் 1972இல் நூலாக வெளிவந்தன.

அவற்றுள் ஒன்றே எடுத்தனூர்க் கல். பல்லவ வேந்தன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் அது பொறிக்கப்பட்டது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று கொள்ளலாம். அதாவது இற்றைக்கு ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன். வாண அரசரின் உறவினராகிய பொற்றொக்கையார் என்பவரிடம் இளமகனாக, அஃதாவது போர்ப்பணி புரியும் ஏவலனாக, இருந்தவன் கருந்தேவக்கத்தி. அவன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் பட்டான். அவனுக்காக எடுத்தது அக்கல். கல்லில் வீரன் படைக்கலம் ஏந்தி நிற்கிறான். அவன் அருகே ஒரு நாய் நிற்கிறது.

வீரர்களின் உருவத்தோடு மாடுகளின் உருவங்களும் நடுகற்களில் காணப்படுதல் உண்டு. ஆதலால் நாயின் உருவம் மட்டும் இருந்திருந்தால், சிற்பியின் அழகுணர்ச்சி என்று எண்ணிக் கடந்து சென்றிருக்கலாம். ஆனால் நாய்க்கென்று தனியே எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. கோவிவன் என்னும் நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியை அவ்வெழுத்துகள் கூறுகின்றன.

அந்நாயின் பெயர் அதனால் நமக்குத் தெரிகிறது. எருமைகளைக் கவர வந்த கள்வரின் பெயர் தெரியவில்லை. கல்லைச் செதுக்கிய சிற்பியின் பெயரும் தெரியவில்லை. அந்நாளில் அவ்வூரில் வாழ்ந்திருந்த உழவர், குயவர், ஆயர், அவர்தம் மனைவியர், மக்கள் ஆகியோருள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. ஆனால் ஓர் எருமைக் கொட்டிலில் காவல் கிடந்த நாயின் பெயர் மட்டும் ஆயிரத்து நானூறு ஆண்டு மழையையும் வெயிலையும் தாங்கி வந்து சேர்ந்திருக்கிறது.

அக்கல்வெட்டின் சொற்களில் இன்னொன்றும் உற்று நோக்கத்தக்கது. வீரனைப் பற்றிச் சொல்லுமிடத்து ‘பட்டான்’ என்கிறது. அவன் இறந்தான் என்பது ஐயமற விளங்குகிறது. நாயைப் பற்றிச் சொல்லுமிடத்தோ இறப்பைக் குறிக்கும் சொல்லே இல்லை. கடித்தது, காத்திருந்தது என்று மட்டுமே கூறுகிறது. தலைவன் வீழ்ந்தபின்னும் அந்நாய் அவ்விடத்தை விட்டு அகலாமல் நின்றது என்று பொருள் கொள்வாரும் உளர். அதுவும் அவனோடு மடிந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், அவ்வூரார் தம் நாயை வழியனுப்பிய முறை இது: அதன் சாவைப் பேசாமல் அதன் காவலைப் பேசினர். கல்லில் அது இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு வியப்பையும் குறிப்பிடலாம். இந்தக் கல்லில் ஆட்சியாண்டு குறிக்கப்பெற்ற மகேந்திரவர்மன் நாடகப் புலவனும் ஆவான். அவன் வடமொழியில் இயற்றிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தில், கள்ளுண்டு மயங்கிய காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தை இழந்துவிட்டு, அதனைத் திருடியவர் யாரென்று ஊரெல்லாம் பூசலிடுகிறான். முடிவில், அதிலிருந்த இறைச்சிக்காக அதனைக் கவ்விச் சென்றது ஒரு நாயே என்பது வெளிப்படுகிறது. காஞ்சியின் அரங்கில் திருடிய நாயைக் கண்டு அவையோர் நகைத்த அதே அரசனின் காலத்தில், அவன் நாட்டின் மேற்கு ஓரத்தில் திருடரைப் பிடித்த நாய்க்கு எழுத்து வெட்டப்பட்டது.

நாய்க்குக் கல்லெடுத்தது இந்த ஒரு ஊரின் விந்தை மட்டுமன்று. தருமபுரிக்கு வடமேற்கே, கன்னட நாட்டில் மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் ஒரு கல் எடுக்கப்பட்டது. அது பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. தக்கோலப் போரில் இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கிருட்டிணன் பக்கம் நின்று கங்க மன்னன் பூதுகன் பொருதான். சோழ இளவரசன் இராசாதித்தன் அப்போரில் வீழ்ந்தான். பூதுகனின் வீரருள் மணலேரன் என்பவன் காட்டிய ஆண்மைக்குப் பரிசாக, வேண்டுவதைக் கேள் என்றனர். அவன் ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு குன்றின் சாரலில் பெருங்காட்டுப் பன்றி ஒன்றின்மேல் அந்நாய் ஏவப்பட்டது. நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. மணலேரன் அவ்வூர்ச் சிவன் கோயிலின் முன் அதற்குக் கல் எடுத்து, நிலமும் விட்டு, அக்கல்லிற்கு வழிபாடு நிகழ ஏற்பாடு செய்தான். நாயும் பன்றியும் பொருகின்ற உருவம் பொறித்த அக்கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அரசர்களின் போர்ச் செய்தியை அறிவதற்கு வரலாற்றாசிரியர் அக்கல்லைப் படிக்கின்றனர். ஆனால் அது எடுக்கப்பட்டது காளிக்காகவே.

கோவிவனும் காளியும் வீரம் புரிந்த நாய்கள். ஆகவே அவற்றுக்குக் கல் கிடைத்தது, மற்ற நாய்களுக்கு என்ன? என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது முறையே. வாழ்நாள் முழுதும் ஒரு திருடனையும் காணாமல், வாயிலில் படுத்து, வால் குழைத்து, மூப்படைந்து மாளும் நாய்களே உலகில் மிகுதி. அவற்றுக்கும் மனிதன் விடைகொடுத்திருக்கிறான் என்பதற்கு இன்னும் பழைய சான்று இருக்கிறது.

செருமனி நாட்டில் பான் நகரை அடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், 1914ஆம் ஆண்டு கல்லுடைக்கும் தொழிலாளர் ஒரு பழைய புதைகுழியைக் கண்டனர். அதனுள் ஓர் ஆண், ஒரு பெண், ஒரு நாய் ஆகியோரின் எலும்புகள் இருந்தன. ஏறத்தாழப் பதினாலாயிரம் ஆண்டுகள் பழமையானவை அவை. உழவு தோன்றாத காலம். மாடும் ஆடும் மனிதனோடு சேராத காலம். அந்நாயோ இன்னும் முழு வளர்ச்சி பெறாத குட்டி. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், இறப்பதற்கு முன் அது கொடிய நோயொன்றால் பல கிழமைகள் வருந்தியிருந்ததைக் கண்டறிந்தனர். நாய்க்குட்டிகளைத் தாக்கும் ‘டிசுடெம்பர்’ என்னும் நோய் அது எனக் கருதுகின்றனர். எவரேனும் அருகிருந்து நீரூட்டி, உணவூட்டி, தூய்மை செய்து பேணாதிருந்தால் அது அத்தனை நாள் உயிர் தாங்கியிருக்க இயலாது. நோயுற்ற அக்குட்டி வேட்டைக்கும் பயன்பட்டிராது, காவலுக்கும் பயன்பட்டிராது. வேட்டையாடி அன்றன்றைய உணவைத் தேடிய மனிதர், பயனில்லாத குட்டி ஒன்றிற்குத் தம் உணவில் பங்கிட்டு, முடிவில் தம்மவரோடு அதனையும் புதைத்தனர். நம் நாட்டிலும் காசுமீரத்துப் புர்சகோமில், புதிய கற்காலத்து மக்கள் தம் புதைகுழிகளில் நாய்களையும் வைத்தனர். கொட்டிலின் பின்புறம் அழுத சிறுவனுக்குப் பெருங்கூட்டமே துணையிருக்கிறது.

பிரிவுத்துயர் மனிதனுக்கு மட்டும் உரியதன்று என்பதற்குச் சப்பான் நாட்டின் அச்சிகோ என்னும் நாயை உலகம் அறியும். தோக்கியோவில் உவேனோ என்னும் வேளாண்மைப் பேராசிரியர் அதனை வளர்த்தார். அவர் பணி முடித்துத் திரும்பும் வேளையில் சிபுயா நிலையத்தில் அது எதிர்கொள்ளும். 1925 மே மாதத்தில் பேராசிரியர் பணியிடத்திலேயே திடீரென இறந்தார். அவர் இனி வரமாட்டார் என்று அந்நாய்க்கு எவ்வாறு உணர்த்துவது? 1935 மார்ச்சு 8ஆம் நாள் தான் மடியும்வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அது அந்நிலையத்திற்கு வந்துகொண்டே இருந்தது. அது உயிரோடிருக்கும்போதே அதற்குச் சிலை வைத்தனர். மனிதன் நாயை இழக்கும்போது அழவாவது முடிகிறது, அதன் மண்மேட்டின்மேல் ஒரு கல்லையாவது வைக்க முடிகிறது. நாய்க்கு அதுவும் இல்லை.

மகாபாரதத்தின் இறுதியில் வரும் நிகழ்ச்சியை அறியாதார் இலர். தம்பியரும் திரௌபதியும் வழியில் ஒவ்வொருவராக வீழ்ந்தபின், தருமனைத் தொடர்ந்து வந்தது ஒரு நாய் மட்டுமே. விண்ணுலகின் வாயிலில் இந்திரன், நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு பணிக்கிறான். தன்னை நம்பித் தொடர்ந்து வந்ததைக் கைவிட்டுப் பெறும் விண்ணுலகம் தனக்கு வேண்டா என்கிறான் தருமன். தருமக் கடவுளே அந்நாயின் வடிவில் வந்தது என்று பின்னர் விளங்குகிறது. நாய் தருமமாக மாறியது கதையின் முடிவு. ஆனால் தருமன் மறுத்துரைத்தபோது அது அவனுக்கு வெறும் நாய்தான் என்பதே கதையின் உயிர். தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயிலுக்கு மக்கள் திரளாகச் செல்கின்றனர். அப்பைரவருக்கு ஊர்தி நாயே. சிற்றூர்க் காவல் தெய்வங்களின் திடல்களில் சுடுமண் குதிரைகளோடு சுடுமண் நாய்களும் நிற்பதைத் தமிழகத்தில் பலவிடங்களில் காணலாம்.

இனி நம் வீட்டு நாயிடம் திரும்புவோம். நாயின் வாழ்நாள் பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று ஆண்டு. ஒரு குழந்தை பிறந்த ஆண்டில் வீட்டிற்கு வந்த குட்டி, அக்குழந்தை ஆறாம் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது கிழமாகிவிடுகிறது. முகவாயின் மயிர் நரைக்கும், கண்ணில் பால்நிறம் படரும், பற்கள் தேயும். கூப்பிட்டால் காது கேளாது. ஆனால் தரையின் அதிர்வால் காலடியை அறிந்து வாலை மட்டும் அசைக்கும். அப்பொழுது களியைக் கட்டியாக இடாமல் மோரில் கரைத்துத் தரவேண்டும். ஈரத்தரையில் படுக்கவிடாமல் ஒரு சாக்கை விரிக்கவேண்டும். நாய் தன் வலியை எளிதில் வெளிக்காட்டாத விலங்கு. உண்ணாமல் ஒதுங்கியிருப்பதே அதன் முறையீடு. கால்நடை மருத்துவரிடம் காட்டினால் தீர்க்கத்தக்க நோயைத் தீர்ப்பார். தீராத நோயானால் வலியைத் தணிப்பார். அதுவும் இயலாத நிலையில், துன்பமின்றி உறக்கத்திலே உயிர் பிரியச் செய்யும் முறையும் மருத்துவத்தில் உண்டு. அம்முடிவை எடுப்பது வீட்டாருக்கு எளிதன்று. எடுத்தவர்கள் பல நாள் தம்மையே நொந்துகொள்வர். ஆயினும் அந்த வேளையில் விட்டு விலகி ஓடாமல் அதன் தலையைத் தொட்டுக்கொண்டு அருகிலிருத்தல், அது செய்த காவலுக்கு ஈடான காவல்.

புதைக்குமிடம் கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவாக இருக்கவேண்டும். நரிகளும் பிற நாய்களும் கிளறாத அளவு குழி ஆழமாக இருக்கவேண்டும். வெறிநோய்க் குறிகளோடு மாண்ட நாயை மட்டும் வெறுங்கையால் தொடலாகாது. கால்நடை மருத்துவமனைக்கு அறிவித்து அவர்கள் சொற்படி செய்யவேண்டும். அது எவரையேனும் கடித்திருந்தால், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அன்பு இங்கே அறிவை மறைத்துவிடலாகாது.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பது பல வீடுகளில் பெற்றோரைத் திகைக்கவைக்கும் வினா. “எங்கோ ஓடிவிட்டது, வந்துவிடும்” என்று சொல்லிவிடுவோர் உண்டு. அன்று அழுகை நிற்கும். ஆனால் குழந்தை மறுநாள் முதல் வண்டித்தடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நாய் தன்னை விட்டு ஓடிப்போயிற்றே என்று மனம் கசந்துகொண்டே இருக்கும். நாயும் அப்பழிக்கு உரியதன்று. இறந்துவிட்டது என்று சொல்லி, குழியருகே அழைத்துச் சென்று, ஒரு பிடி மண்ணை அதன் கையாலும் இடச்செய்யும் பெற்றோரே குழந்தைக்கு உண்மையும் ஆறுதலும் ஒருங்கே அளிப்பவர். எடுத்தனூர்ச் சிறுவர்கள், நடப்பட்ட கல்லைச் சுற்றி நின்று பார்த்திருப்பர். எழுத்தறிந்தவர் ஒருவர் படித்துக் காட்ட, தாங்கள் கூப்பிட்டு விளையாடிய பெயர் கல்லிலிருந்து ஒலிப்பதைக் கேட்டிருப்பர். அவர்களுள் எவரையும் “நாய்க்காகவா?” என்று அன்று கேட்டிருக்க முடியாது, ஊரே கூடி நின்று வாழ்த்திய கல் அல்லவா அது!

வேம்பின் அடியில் மண்மேடு ஒரு மழையில் தணிந்துவிடும். அடையாளத்திற்கு வைத்த கல்லும் உழவின்போது இடம் மாறக்கூடும். களி வைத்த மண்சட்டி சில நாள் வாயிலிலேயே கிடக்கும். அதனை எடுத்து வைக்க எவருக்கும் கை வராது. கோழிகள் அதில் நீர் அருந்தும். பின்னர் ஒருநாள் மாலை, ஆடுகள் திரும்பும் நேரத்தில், ஒரு கிடாய் வேலியைத் தாண்டி அடுத்த கொல்லைக்குள் பாயும். பட்டியின் படலைக் கையில் பிடித்தபடி நிற்கும் முதியவர், நினைவு வருமுன், பழக்கத்தால் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டுவிடுவார். சிறுவன் திரும்பிப் பார்ப்பான். இருவரும் ஒன்றும் பேசாமல், கிடாயை மடக்குவதற்குத் தாமே வரப்பின் மேல் ஓடுவர்.